மூன்றாவது சாக்கு

இராஜபாளையத்தில் நேராக வெட்டத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோரும், ஆண்டவன் உட்பட, கொஞ்சம் கோணலாகத்தான் வெட்டினார்கள். ஊரில் அவரைக் 'கட்டிங்' அண்ணாச்சி என்பார்கள். வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அதை நான் முதன்முதலாகப் பார்த்தது கறுப்புக் கட்டத்துக்குள்தான்.

எண்பதுகளின் நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அச்சகம். நான் ப்ரூப் ரீடர். அண்ணாச்சி கட்டிங் மெஷின். சக்கரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால், அடுக்கி வைத்த கல்யாணப் பத்திரிகைகளின் ஓரம் மொத்தமும் நாடா மாதிரி கீழே விழும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அளவுகோல்தான் வெட்கப்படும்.

மனிதர்களையும் அவர் தாளாகவே பார்த்தார். முதலாளி ஆர்ட் பேப்பர்: மேலே பளபளப்பு, தண்ணீர் பட்டால் போச்சு. நான் நியூஸ் பிரிண்ட். "ஏலே ப்ரூப்பு, லேசாக் காத்தடிச்சாலே படபடன்னு அடிச்சுக்கிடுதியே, உன்னை எவன்லே ரீம் ரீமாச் செஞ்சது?" என்பார். மறுக்க முடியாது. முதலாளி "இங்க வாப்பா" என்று கூப்பிட்டாலே கையிலிருக்கும் ப்ரூப்பைக் கீழே போட்டுவிடுவேன். டீ வாங்கிவரச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார். மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்துவார். "அவ டபுள் கிரவுன்லே! மடிக்காத பெருந்தாளு!"

வெட்டி விழும் துண்டுகளுக்கும் வீணாய்ப்போன அச்சுக்கும் அவர் மூன்று சாக்குகள் வைத்திருந்தார். முதல் சாக்கில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை. இரண்டாவதில் பில் புத்தகம், நோட்டீஸ். மூன்றாவதில் கருமாதிப் பத்திரிகை. அதற்கு மட்டும் இரட்டை முடிச்சு. கருமாதிப் பத்திரிகையை வாசித்த கையோடு கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதன் துண்டுகூட மங்கலத் துண்டோடு படக் கூடாது என்பது அண்ணாச்சியின் வழக்கம்.

முதல் சாக்கிலிருந்து அவர் வாழ்த்து அட்டை செய்வார். ரோஸ் துண்டு இதழாகும், ஜரிகைத் துண்டு காம்பாகும், மைதாப் பசை மீதியைப் பார்த்துக்கொள்ளும். பொங்கலுக்கு எல்லோரும்தான் வாழ்த்து அனுப்புகிறார்கள். அண்ணாச்சி எதற்கும் அனுப்புவார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கு, 'தவறாமல் வந்ததற்கு வாழ்த்து.' பல் பிடுங்கிக்கொண்ட முதலாளிக்கு, 'மீதி முப்பத்தொன்றுக்கும் வாழ்த்து.' சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் நான் நாலாவது முறை தோற்றபோது மேஜையில் ஓர் அட்டை இருந்தது: 'நாலுக்கும் வாழ்த்து. அஞ்சாவது அட்டைக்குப் பூ ஒட்டியாகிவிட்டது.' ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த வருஷம் மதினியை, அண்ணாச்சியின் அந்த டபுள் கிரவுனை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. மதினியின் தம்பி வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் என்பதால் அங்கே. தை மாத முகூர்த்த நெருக்கடியில் அண்ணாச்சிக்கு ஞாயிறு மட்டும்தான் போக முடிந்தது. மற்ற ஆறு நாளும் அட்டை போனது. தபாலில் அல்ல. மூன்று மணி டவுன் பஸ் கண்டக்டர் கையில் கவரைக் கொடுப்பார். அவர் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வாட்ச்மேனிடம் கொடுப்பார். ப்ரூப் பார்க்க என்னிடம்தான் வரும். 'இன்று ரசம் வைத்தேன். ரசம் மாதிரி இல்லை. சீக்கிரம் வா.' அதில் நான் திருத்த என்ன இருக்கிறது?

ஒரு நாள் மத்தியானம் மதினியின் தம்பி வந்தார். மெஷின் பக்கத்தில் நின்று மெதுவாக ஏதோ சொன்னார். டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அவர் போன பத்தாவது நிமிஷம், இருபது வருஷமாக நேராக வெட்டிய மனிதர் தன் பெருவிரலை வெட்டிக்கொண்டார். ஊர் முழுக்க பேண்டேஜ் துணி நெய்கிற ஊரில் கட்டுப்போடத் துணிக்கா பஞ்சம்? ரத்தத்தைப் பார்த்து நான்தான் முதலில் உட்கார்ந்தேன். கட்டுப்போடப் போகும்போது அண்ணாச்சி சொன்னார்: "ஏலே, இன்னைக்கு அட்டைய நீ செஞ்சிரு. ஒரு நா வரலைன்னாலும் அவ கண்டுபுடிச்சிருவா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுலே."

மணி இரண்டே முக்கால். பஸ் மூன்றுக்கு. கண்ணில் பட்ட சாக்கை அவிழ்த்தேன். முடிச்சு இரட்டையாக இருந்ததைக்கூட, நம் அவசரத்துக்கென்றே போட்டிருக்கிறாரே என்று திட்டிக்கொண்டேதான் அவிழ்த்தேன். நல்ல வெள்ளை அட்டை கிடைத்தது. பூ ஒட்டினேன். எழுதினேன்: 'மதினி, அண்ணாச்சிக்கு விரலில் சிறு காயம். பயப்பட ஒன்றுமில்லை.' கவரில் போட்டு ஓடிப்போய்க் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைப் பதறாமல் முடித்துவிட்டதாகப் பெருமையோடு டீ குடித்தேன்.

அண்ணாச்சி கட்டோடு திரும்பினார். சாக்குகளைப் பார்த்தார்.

"ஏலே, மூணாவது சாக்க அவுத்தது யாரு?"

தாளின் ஒரு பக்கத்தை மட்டுமே வாசித்துப் பழகியவன் நான். பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கத்தில் கறுப்புக் கோடும் 'சிவலோகப் பதவி அடைந்' வரையும் இருந்திருக்கும். முன்பக்கத்தில் என் கையெழுத்தில், அண்ணாச்சிக்குச் சிறு காயம், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்த பஸ்ஸில் நான் உட்காரவில்லை. நின்றால் சீக்கிரம் போய்விடலாம் என்று ஓர் எண்ணம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்டதும் கும்பிட்டேன். வளைவில் மறைந்து மறுபடி தெரிந்ததும் மறுபடி கும்பிட்டேன். பக்கத்திலிருந்தவர், "தம்பி, கோபுரம் ஒண்ணுதான்" என்றார். போதாததற்கு, நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதென்று நடுவில் இறங்கி கால் கிலோ பால்கோவா வேறு வாங்கினேன். கஞ்சியே இறங்காத மனுஷிக்கு!

கட்டிலில் மதினியைத் தேட வேண்டியிருந்தது. டபுள் கிரவுன் என்று அண்ணாச்சி நெஞ்சு நிமிர்த்திய உருவத்தை யாரோ மடித்து, மடித்து, எட்டில் ஒன்றாக்கி வைத்திருந்தார்கள். கையில் அந்த அட்டை.

"மதினி, அண்ணாச்சி நல்லாருக்காக! விரல்தான்! விரல் மட்டுந்தான்!" வார்டே திரும்பிப் பார்த்தது.

"கத்தாத தம்பி, தெரியும். முதல்ல நானும் நம்பிட்டேன். பொறவு கண்ணாடியப் போட்டுப் பாத்தேன், 'எனது தாயார்'னு போட்டிருக்கு. அவியளுக்கு எம்புட்டோ குணம் உண்டு. யாருக்கும் தாயார் ஆனதில்ல." சிரித்தார். சிரிப்பு வலித்திருக்க வேண்டும்; செத்த நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கண்ணாடிய எடுக்க ஒரு நிமிசம் ஆச்சு. அந்த ஒரு நிமிசம் அவிய இல்லாம இருந்து பாத்துட்டேன். எனக்கு ஒரு நிமிசம். அவியளுக்கு இனி அம்புட்டு நாளும் அதுதானே?"

பால்கோவாப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.

"நான் போயிருவேன்னு எனக்குத் தெரியும்னு அவியகிட்டச் சொல்லிராத. இது வந்து சேரலைன்னு சொல்லு. இன்னொண்ணு, நான் போனாலும் அவிய அட்டை செய்யுதத நிறுத்த விட்டுராத. யாருக்காச்சும் அனுப்பட்டும். இப்ப அந்தப் பால்கோவாவ நீ தின்னு. முகத்தப் பாத்தா உனக்குக் கட்டில் போடணும் போலருக்கு."

தின்றேன். அவ்வளவு இனிப்பை அழுதுகொண்டே தின்பது சாதாரண வேலை இல்லை.

அண்ணாச்சியிடம், "வழியிலயே புடிச்சிட்டேன். கிழிச்சு எறிஞ்சுட்டேன்" என்றேன். "நியூஸ் பிரிண்ட்டுன்னு சொன்னது தப்புதாம்லே" என்றார்.

பங்குனியில் மதினி போய்ச் சேர்ந்தார். பத்திரிகையை எங்கள் அச்சகத்தில்தான் அடித்தோம். நான்தான் ப்ரூப் பார்த்தேன். முதலாளி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அண்ணாச்சியே வந்து வெட்டினார். "வேற எவனும் வெட்டுனா கோணலாயிரும்." விழுந்த ஓரங்களைப் பொறுக்கி மூன்றாவது சாக்குக்குப் போனவர், அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு, முதல் சாக்கில் போட்டார்.

கருமாதி முடிந்து வந்த அன்று என் மேஜையில் ஒன்றை வைத்தார். நான் செய்த அட்டை. மதினியின் தலையணைக்கடியில், அவர் அனுப்பியவற்றோடு அடுக்கி வைத்திருந்ததாம்.

"பொய் சொல்லும்போதாச்சும் ப்ரூப் பாத்துச் சொல்லணும்லே."

நடந்ததைச் சொன்னேன், அந்த ஒரு நிமிஷத்தையும். கேட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் பஸ் கண்டக்டர் அச்சக வாசலில் நின்றார். என் பெயருக்கு ஒரு கவர். 'இன்று ரசம் பரவாயில்லை.' எழுதியவர் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். மூன்று மணி பஸ்ஸில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், ஆஸ்பத்திரி ஸ்டாப்பைத் தாண்டித் திரும்பி வந்திருந்தது அந்த அட்டை. "நேராக் குடுத்தா என்ன அண்ணாச்சி?" என்றேன். "போற வழி அதுதாம்லே" என்றார். பல வருஷம் அப்படித்தான் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்கு வேறு ஊரில் வேலையான பிறகு, அவருடைய பத்திரிகை வந்தது. கம்ப்யூட்டரில் அடித்தது. வாசித்தேன். கிழிக்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து இராஜபாளையம் வந்து, கறுப்புக் கோட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கத்தில் ரோஸ் காகிதத்தில் பூ ஒட்டி, மூன்று மணி பஸ்ஸில் கொடுத்தேன்.

"யாருக்கு சார்?" என்றார் புது கண்டக்டர்.

"போயிட்டுத் திரும்பி வரட்டும்."

வந்தது. இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. ஒரு பக்கம் நல்ல கோணல். வேண்டுமென்றுதான் திருத்தாமல் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம், "ஏலே ப்ரூப்பு, இது ஒரு வெட்டாலே?" என்று ஒரு குரல் கேட்கிறது.