சிக்னல் நைனா சிகரம் தொட்ட காலை

ஐயா, அம்மையீர், வணக்கம். வாயால் பேசி ஊரை அடக்கியவர்கள் இராயபுரத்தில் எத்தனையோ பேர் உண்டு. வாயைத் திறவாமல், இரண்டு கைகளைக் கொண்டே இவ்வுலகை இயக்கிவிடலாம் என்று நம்பியவர் சிக்னல் நைனா ஒருவரே.

துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டுநர். அவர் கீழே நின்று எனக்குச் சைகை காட்டுபவர். சுட்டுவிரல் வானைப் பார்த்துச் சுழன்றால் தூக்க வேண்டும்; தரையைப் பார்த்துச் சுழன்றால் இறக்க வேண்டும். அவ்விரலின்மேல் மற்றொரு கையைக் குடைபோல் விரித்தால் 'மெதுவாக' என்று பொருள். சரக்கு தரையில் பத்திரமாக அமர்ந்த பிறகே, கோத்த விரல்களைப் பிரித்துக் காட்டுவார். கொக்கியைக் கழற்றலாம் என்று அதற்கு அர்த்தம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நான் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் கைகளைப் பார்த்ததே மிகுதி.

வேலை முடிந்த பின்னும் அக்கைகள் ஓய்ந்ததில்லை. டீக்கடை மாஸ்டர் உயரத் தூக்கி டீ ஆற்றும்போது எதிரில் நின்றுகொண்டு, இறக்கு, மெதுவாக, நிறுத்து என்று விரல் காட்டுவார்.

"யோவ் நைனா, நான் டீ ஆத்திகினு கீறேன்யா. கன்டெய்னரா எறக்கிகினு கீறேன்?" என்று மாஸ்டர் கத்துவார்.

"கண்ணாடி கிளாஸுபா. ஒடையுற சரக்கு."

தம் மகளின் திருமணத்தில், தாலி கட்டும் நேரம் பார்த்து 'நிறுத்து' என்று கையை நீட்டிவிட்டார். மாப்பிள்ளை தாலியும் கையுமாக உறைந்து நின்றார். காரணம் வேறொன்றுமில்லை, மணமகளின் தலைக்கு நேர் மேலே ஒரு பூங்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் பொருளுக்குக் கீழே ஆள் இருக்கலாகாது என்பது அவருடைய வேதம். அதைக் கழற்றிய பிறகே கெட்டிமேளம் கொட்டியது.

அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. சைகை காட்டுபவர் தரையை விட்டு அகலக் கூடாது. ஆகையால் அவர் ஒரு நாளும் கிரேன்மீது ஏறியதில்லை. மாலையில் நான் ஏணியிலிருந்து இறங்கியதும், "மாமு, மேலேர்ந்து இன்னா தெரிஞ்சிச்சு?" என்று கேட்பார். காசிமேட்டுப் படகுகளையும் எண்ணூர்ப் புகைபோக்கிகளையும் நான் விவரிப்பேன். கண் கொட்டாமல் கேட்பார். ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நாள் சொன்னார்: "ஒரு தபா நானு மேல நின்னு பாக்கணும் மாமு. மொட்டமாடிலாம் வோணாம். நீ கூட பாக்காத ஒசரம்."

அதற்காகவே சென்ற ஆண்டு, வனத்துறையின் அனுமதி பெற்று, நீலகிரியில் உள்ள ஒரு தேசியப் பூங்காவுக்குச் சென்றோம். ஒரு பகல் நடை, ஓர் இரவு கூடாரம், மறுநாள் காலை சிகரம். உடன் வந்தவர் அம்மலையிலேயே பிறந்த வழிகாட்டி ஒருவர். அவர் புறப்படும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பத்து மணிக்குள்ள உச்சிக்குப் போயிரணுங்க. அப்புறம் மேகம் மூடிக்கும். நான் ஒருத்தன்தான், யாரையும் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன். ஒருத்தருக்கு முடியலீன்னாலும் மூணு பேரும் திரும்பிரணும்."

வழியில் பாதைக்கு மேலே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. நைனா நின்றுவிட்டார்.

"வாத்யாரே, இத்த யாரு சோதிச்சது?"

"ஐயா, அது எங்க தாத்தா காலத்துல இருந்து அங்கேயேதானுங்க இருக்குது."

"அப்ப இன்னும் மோசம். பழசுதான் அறுந்து வுழும்."

பாறைக்கு அடியில் போகாமல், புதருக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனோம். அப்பால், செங்குத்துச் சரிவின் விளிம்பில் ஒரு வரையாடு நின்றது. நைனா பதறி 'நிறுத்து' என்று காட்டினார். ஆடு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போயிற்று. "சொன்னா கேக்காத டிரைவரு" என்று முணுமுணுத்தார்.

மாலையில் வழிகாட்டி கூடாரம் அடித்துக் கொடுத்துவிட்டுத் தம் கூடாரத்துக்குச் சென்றார். கூடாரத்தைத் தரையோடு பிடித்திருந்த ஆணிகளில் நைனாவுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. பையிலிருந்து மணிலாக் கயிற்றுச் சுருளை எடுத்து, கப்பல் தளத்தில் சரக்கைக் கட்டும் முறையில் கூடாரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வரிந்து கட்டினார். வாசலின் மேலும் இரண்டு சுற்று. பிறகு ஓரத் துணியைத் தூக்கி உள்ளே தவழ்ந்து வந்து, வெளியே கையை நீட்டி அந்த ஓரத்தையும் இறுக்கி முடிந்தார். பனியில் நனைந்த கயிறு விடிவதற்குள் இரும்பாகிவிட்டது.

"ஐயா, கதவு எங்கீங்க?" என்று காலையில் வெளியிலிருந்து வழிகாட்டியின் குரல் கேட்டது.

"கட்டுக்கு உள்ள கீது. கப்பல்ல இப்டிதான் வாத்யாரே கட்டுவோம்."

"கப்பல்ல கட்டுக்குள்ள ஆளு இருப்பாங்களா?"

நைனா சற்று யோசித்தார். "இருக்க மாட்டான்" என்று ஒப்புக்கொண்டார்.

நல்ல கயிற்றை அறுக்க அவர் இசையவில்லை. முடிச்சுகளை அவிழ்ப்பதில் ஒரு மணி நேரம் கரைந்தது.

அந்தத் தாமதத்தை ஈடுகட்ட விரைந்து நடந்ததன் பலன் என் முழங்காலில் தெரிந்தது. உச்சிக்குக் கூப்பிடு தூரத்தில், கடைசிப் புல்சரிவில், என் கால்கள் நகர மறுத்துவிட்டன. வழிகாட்டி வானத்தைப் பார்த்தார்.

"மேகம் ஏறுதுங்க. இறங்கிரலாம்."

"நான் இங்கியே குந்திகினு கீறேன்பா. அவர மட்டும் இட்டுகினு போ" என்று நான் மன்றாடினேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

நைனா பத்தடி மேலே ஏறினார். சிகரத்துக்கு முதுகைக் காட்டி, என்னை நோக்கித் திரும்பி நின்றார். சுட்டுவிரல் வானைப் பார்த்துச் சுழன்றது. அதன்மேல் மற்றொரு கை குடைபோல் விரிந்தது.

ஐயா, என் கால் என் சொல்லைக் கேட்கவில்லை. அவருடைய விரலைக் கேட்டது. ஓரடி எழுந்தது. 'நிறுத்து.' மூச்சு வாங்கினேன். மீண்டும் விரல் சுழன்றது. மறுபடியும் பத்தடி ஏறினார். மறுபடியும் திரும்பி நின்றார்.

"யோவ், சீக்கிரம் போய்ப் பாருய்யா! மேகம் வந்துகினு கீது!" என்று கத்தினேன்.

"பேசாத வா மாமு. ஒடையுற சரக்கு."

உச்சிப் பாறையில் என் இரு பாதங்களும் பதியும் வரை அவர் மறுபுறம் திரும்பிக் காட்சியைப் பார்க்கவே இல்லை. நான்தான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். மலைக்குப் பின்னால் மலை. அவற்றினிடையே ஓர் ஏரி. மேகம் வந்து மூடுவதற்குள் இரண்டு நிமிடம் கிடைத்திருக்கும்.

"நைனா, மேலேர்ந்து இன்னா தெரியுது?"

அவருடைய கைகள் இரண்டும் சும்மா தொங்கின. "இதுக்கு சிக்னல் இல்ல மாமு" என்றார்.

பிறகு என் முழங்கையைப் பற்றி, அடிவாரம் வரை இறக்கிக்கொண்டு வந்தார். கொக்கியைக் கழற்றலாம் என்ற அந்தச் சைகையை மட்டும் அவர் இன்றுவரை எனக்குக் காட்டவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

இவ்விதழைப் பழைய காகிதக் கடைக்குப் போடுவதற்கு முன், இப்பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.