லயத்துக்குள் அடங்காத லென்ஸ்

கட்டில் வாங்கப் போகிறவர்கள் வீட்டை அளந்துகொண்டு போவார்கள். லென்ஸ் வாங்கவும் அப்படித்தான் போக வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. (பதுளைக் கடைக்காரர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.)

அக்காவுக்கு ஹல்துமுல்லைப் பக்கமிருந்து ஒரு வரன். முன்பு வந்த வரன் அவளுடைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்ததோடு காணாமல் போயிருந்ததால், இதையாவது கோட்டை விடக்கூடாது என்று அம்மா தவித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, தலை முதல் கால் வரை தெரிகிற படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்றார். ஸ்டூடியோ எதற்கு, நானும் என் கேமராவும் இருக்கிறோமே என்றேன். வீடியோ பார்த்தே பாதி போட்டோகிராபர் ஆகியிருந்த காலம் அது.

"லயத்து வீட்டுக்குள்ளயா எடுக்கப் போறீங்க? அப்ப இந்தச் சின்ன முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸே போதும் தங்கச்சி" என்றார் கடைக்காரர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளை எடுக்க நூற்று முப்பத்தைந்து எம்.எம்.தான் என்று வீடியோவில் சொன்னார்களே! உலக்கை கனத்தில் ஒரு லென்ஸும் ஒரு ஃபிளாஷுமாக எங்கள் நமுனுகுலைத் தோட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

வரிசையாகக் கட்டிய லயத்து அறைகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. அதற்குள் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டி நின்றும் அக்காவின் மூக்கும் மூக்குத்தியும்தான் லென்ஸில் அடங்கின. ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் பட்டுத் திரும்பி முகத்தில் மெதுவாக விழும் என்பது பாடம். அந்த வீடியோக்காரரின் கூரை வெள்ளை. எங்களுடையது அடுப்புப் புகையில் கறுத்த தகரம். மேலே போன வெளிச்சம் திரும்பி வரவே இல்லை.

சரி, வாசலுக்கு வா என்றேன். பின்னால் நகர்ந்தேன். தண்ணீர் ஓடும் கானைத் தாண்டினேன். தேயிலைக்குள் இறங்கினேன். ஓடைக்கரையில் போய் நின்றபோதுதான் அக்காவின் கால் தெரிந்தது. (கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பிடித்திருந்தால் இவ்வளவு தூரம் வேண்டாம். அது அடுத்த வீடியோவாம்.)

ஓடை இரைச்சலில் நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இடையிடையே இறங்கி நின்று, சொல்லிச் சேர்க்கிற வேலையை எடுத்துக்கொண்டார்கள். "சிரிக்கச் சொல்றா" என்று ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அக்காவைத் தவிர லயமே சிரித்தது. அக்காவின் பதிலும் அதே வழியாக இறங்கி வந்தது: "ஒன்னக் கொல்லப் போறாளாம்."

அந்த நேரம் பார்த்து மூடுபனி வேறு. விட்டேனா? ஃபிளாஷை முழுசாகக் கூட்டிவைத்து அடித்துத் தள்ளினேன். வெளிச்சம் பனியிலேயே பட்டு, படமெல்லாம் சலவை வேட்டியாக வந்தது.

பனி விலகிய ஒரு நொடியில் விழுந்த ஒரே படம் தேறியது. சுற்றிலும் லயத்துப் பற்கள். நடுவில் பட்டுச்சேலையில் அக்கா, கையில் ஓங்கிய செருப்போடு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். கேட்டபடி தலை முதல் கால் வரை தெரிந்தது. (ஒரு காலில் செருப்பில்லை, அவ்வளவுதான்.) அம்மா அழுதே விட்டார். அன்றுதான் ஞாயிறு, வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினோம்.

அடுத்த வாரமே பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கூச்சத்தோடு சொன்னார்: "இம்புட்டு பேர் சிரிக்கையில இவங்க மட்டும் யாரத் திட்டுறாங்கன்னு பாக்கணும் போல இருந்துச்சுங்க."

அக்கா என்னைக் காட்டினாள். சம்பந்தம் முடிவானது.

இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேஷத்தில் நான் கேமராவைக் கையில் எடுத்தால் போதும், அத்தான் எழுந்துபோய் என் முதுகுக்குப் பின்னாலிருக்கும் வாசல் கதவை அகலத் திறந்து பிடிக்கிறார்.

"போயிட்டு வாம்மா."