உள்ளிருந்து திறக்கும் மூடி

கோர்பினியன் எழுதிய பதில் மேலதிகாரியிடமிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது.

மியூனிக்கில் ஒரு காப்புரிமை வழக்கறிஞரிடம் அவன் பயிற்சியில் இருந்தான். கட்சிக்காரர் கண்டுபிடித்திருந்தது உள்ளிருந்து திறக்கும் சவப்பெட்டி. காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஒப்பவில்லை. உயிரோடு புதைபட்டவர் அடிப்பதற்கு மணி கட்டிய சவப்பெட்டி முன்பே உண்டு, உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் குளிர்பதன அறைக் கதவில் உண்டு, இரண்டையும் சேர்க்க எந்தத் தச்சனுக்கும் தோன்றும், இது கண்டுபிடிப்பே இல்லை என்று எழுதிவிட்டார்.

“சேர்க்க முடியுமாங்கிறது கேள்வி இல்லப்பா. சேர்த்திருப்பானாங்கிறதுதான் கேள்வி,” என்றார் வழக்கறிஞர் வால்ட்ராவ்ட் மேடம். “விண்ணப்பம் போட்ட அன்னிக்கு, தொழில் முழுக்கத் தெரிஞ்ச, ஆனா கற்பனை துளியும் இல்லாத ஒருத்தன். அவனா மாறி யோசி.”

“அப்படி ஒருத்தர் எங்க இருக்கார் மேடம்?”

“எங்கயும் இல்ல. சட்டத்துல மட்டும்தான். நாளைக்குப் பதில் போகலேன்னா நீயும் இங்க இருக்க மாட்டே.”

மதியம் வீட்டுக்குப் போனவன், அந்தக் கற்பனையில்லாத தச்சனாக மாறுவதற்காகத் துணி அலமாரிக்குள் படுத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்க வேண்டியதாயிற்று.

இனி நிஜத் தச்சரையே கேட்பது என்று நகரின் கீஸிங் பகுதியில் இருந்த சவப்பெட்டிக் கடைக்கு ஓடினான். முன்னால் ஆள் இல்லை. பின்னறையில், திறந்திருந்த ஒரு பெட்டியின் விளிம்பில், கறுப்புக் கோட்டு அணிந்த கிழவர் உட்கார்ந்திருந்தார். கண் இமைக்கவில்லை. காலணியின் அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. அறை ஐஸ்பெட்டிபோல் இருந்தது.

“குளிரறைத் தாழ்ப்பாள் தெரியுமாங்க?”

“எல்லாத் தாழ்ப்பாளும் தெரியும்.”

“அதைப் பெட்டிக்கு மாட்டியிருக்க முடியுமா?”

“முடியும்.”

“மாட்டியிருப்பீங்களா?”

“எதுக்கு? உள்ள போனவங்க யாரும் குறை சொன்னதில்ல.”

கோர்பினியனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தோடு கிளம்பியிருக்கலாம். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொன்று கேட்டான்.

“யாராவது குறை சொல்லியிருந்தா?”

“அன்னிக்கே மாட்டியிருப்பேன்.”

“சொன்னாங்களா?”

கிழவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். “இப்ப நான் சொல்றேன்.”

வழக்கு போச்சு என்று நினைத்தான் கோர்பினியன். பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது. விண்ணப்பம் போட்டது போன வருஷம். இன்றைய குறை கணக்கில் சேராது. நன்றி சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு, விறைத்துப்போன விரல்களை ஊதிக்கொண்டே வெளியே வந்தான்.

முன்கடையில் ஒரு பெண் அப்போதுதான் பூக்கூடையோடு நுழைந்தாள்.

“உங்க தச்சர் பெரிய உதவி பண்ணினாருங்க,” என்றான்.

“தச்சரா? எங்க மாமனார் போனதோட இங்க தச்சரே இல்லீங்களே. உள்ள அவரைத்தான் கிடத்தியிருக்கோம், நாளைக்கு அடக்கம்.”