காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

என் மனைவியின் தலைச்சாயத்துக்கு ஒரு முடிவு கட்டுவது என்று பல் மருத்துவர் வாசலில் நின்று சபதம் செய்தேன். கன்னம் மரத்துப்போயிருந்ததால் சபதம் சரியாக வெளியே வரவில்லை. உள்ளே உறுதியாகத்தான் இருந்தது.

பிடுங்கப்பட்ட பல் என்னுடையது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் மனைவியிடம், "உங்க அப்பாவை உள்ளே கூட்டிட்டுப் போங்க" என்றாள். என் மனைவி, "சரிம்மா" என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"புருஷன்னு சொன்னா என்ன?"

"பாவம், அவசரத்துல இருந்தா. அவளை எதுக்குச் சங்கடப்படுத்தணும்?"

"என் சங்கடம்?"

"உங்களுக்குத்தான் மரத்துப்போச்சே."

எங்களுக்குள் இரண்டே வயது வித்தியாசம். என் தலை வெடித்த பருத்திக்காடு. அவள் தலை மாதாமாதம் புதுப்பிக்கப்படும் கார்மேகம். நானும் சாயம் பூசினால் கணக்கு நேராகிவிடும் என்பீர்கள். அதற்கு வழியில்லை. நான் வேலை பார்க்கும் நாளிதழின் விளம்பர மேலாளர் நெற்றிக்கும் சேர்த்துச் சாயம் பூசிக்கொண்டு வருபவர். அவருக்கு 'மைக்கூடு' என்று பெயர் சூட்டியவன் நான். ஆகவே என் தலை கறுக்க முடியாது. அவள் தலை வெளுத்தாக வேண்டும்.

பத்திரிகையில் வாராந்தர மருத்துவப் பக்கம் என் பொறுப்பு. தோல் மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"தலைச்சாயம் நிரந்தரமாப் பாதிக்குமா டாக்டர்?"

"முடி செத்த பொருள் சார். சாயம் அதை வறட்டும், முரடாக்கும், உடைக்கும். ஆனா வேர்லேர்ந்து வர்ற புது முடி நல்லாத்தான் வரும்."

"நிரந்தரமா ஏதாவது ஒண்ணு இருக்கணுமே டாக்டர்." என் குரல் கெஞ்சியிருக்க வேண்டும்.

"ஒவ்வாமை இருக்கு. சிலருக்குத் தோல் அரிக்கும், முகமே வீங்கிடும். ஒரு தடவை வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் விடாது. அதனாலதான் பூசுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு தடவிப் பாருங்கன்னு சொல்றோம்."

நல்ல செய்திகளை எல்லாம் இடப்பற்றாக்குறை காரணமாக நீக்கினேன். 'ஆயுசுக்கும் விடாது' என்பதைத் தலைப்பாக்கினேன். காதுச் சொட்டு விவகாரத்தை மட்டும், மருத்துவர் கோபித்துக்கொள்வாரே என்று கடைசிப் பத்தியில் விட்டுவைத்தேன். இத்தனை வருடம் அடுத்தவர் எழுத்தை வெட்டிப் பழகிய கை, வெட்ட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிட்டது.

என் மனைவியின் தொழிலை இங்கே சொல்லியாக வேண்டும். அவள் ஆயுள் காப்பீட்டு முகவர். கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் ஆளை எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து, அவனுடைய சாவைப் பற்றி இதமாகப் பேசி, அவனே பேனா கேட்கும்படி செய்பவள். அவளைப் பயமுறுத்தக் கிளம்பினேன். கொல்லர் தெருவில் ஊசி விற்கப் போவது என்பார்களே, அது.

பத்திரிகையை அவள் பார்வையில் படும்படி மடித்து வைத்தேன். தேநீர் ஆறும்வரை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. படிக்கவே பயமா இருக்கு."

"உண்மை அப்படித்தான்."

"அப்ப எனக்கும் வரலாம்?"

"எப்ப வேணும்னாலும்."

"உங்களுக்கு?"

"நான்தான் போடுறதே இல்லையே."

"போடாததனால வராம இருக்கா, இல்ல போட்டாலும் வராத உடம்பா? தெரியுமா?"

யோசித்தேன். அவளிடம் யோசிக்கவே கூடாது.

"தெரியாதுதான்."

"ஆயுசுக்கும் விடாத விஷயம். தெரியாமலே இருக்கலாமா? நாளைக்கே உங்க மனசு மாறுதுன்னு வைங்க."

"மாறாது."

"என்கிட்ட கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் மாறாதவங்கதாங்க. ஒரே ஒரு சொட்டு. காதுக்குப் பின்னாடி. உங்க கட்டுரையிலேயே இருக்கு. எழுதினவரே செஞ்சு பார்க்கலன்னா படிக்கிறவங்க எப்படி நம்புவாங்க?"

காதை நீட்டினேன்.

இரண்டு நாள் நான் பட்ட பாடு! அரிக்க வேண்டும் என்று மனமாரப் பிரார்த்தித்தேன். லேசாகத் தடித்திருந்தால்கூடப் போதும், பத்தாயிரம் பிரதி அச்சிட்ட என் கட்டுரை நிரூபணமாகிவிடும். அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியில் காதை மடக்கி மடக்கிப் பார்த்தேன். சொந்தத் தோல் என் பக்கம் நிற்கவில்லை.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்க! இளவட்ட உடம்பு!" என்றாள். அதே மூச்சில், "கறுப்பா, கரும்பழுப்பா?" என்றாள்.

"கறுப்பு வேண்டாம். அப்பட்டமாத் தெரியும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. 'மாசா மாசம் கட்டுறீங்களா, வருஷத்துக்கு ஒரு தடவையா?' என்று இவள் கேட்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! வந்தவர் அதில் எது நல்லது என்று குழம்பிக்கொண்டிருப்பார். எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி எழுந்து வாசலைத் தாண்டிப் போயிருக்கும். என்ன தொழில் சுத்தம்! தோற்றவன் நானே எழுந்து கைதட்டியிருப்பேன். ஆனால் அதற்குள் என் கழுத்தில் பழைய துண்டைக் கட்டியிருந்தாள்.

கரும்பழுப்பு எனக்குப் பொருந்தியது. மைக்கூடு என் நாற்காலியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதையும் பொறுத்தேன். இனி எவளும் என்னை அப்பா என்று சொல்ல மாட்டாளே.

அடுத்த மாதம் அவள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். அடியில் வெள்ளை தெரிந்தது. அதற்கடுத்த மாதமும் சாய டப்பாவைத் தொடவில்லை. ஆறே மாதத்தில் தலை முழுக்க வெள்ளி. அவள் கிளையின் பாராட்டுக் கூட்டத்தில் விருது வாங்க மேடையேறியபோது சபை தானாக நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு களை. அந்தத் தலை சொன்னால் நானே இன்னொரு காப்பீடு எடுத்திருப்பேன்.

நான் கரும்பழுப்பாகக் கீழே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர், "மேடம் உங்க அக்காவா?" என்றார்.

வீடு திரும்பும்போது பெருமையை அடக்க முடியவில்லை.

"எப்படியோ, என் கட்டுரையைப் படிச்சுப் பயந்துதானே நிறுத்தினே?"

"இல்லீங்க. நரைச்ச தலை பேசினா நாலு பேர் கேப்பாங்கன்னு எங்க கிளை மேலாளர் சொன்னார். பல்லு பிடுங்கின வாரமே நிறுத்துறதா இருந்தேன்."

"அப்ப என் தலை?"

"நீங்க அதுக்குள்ள கட்டுரை போட்டுட்டீங்களே. அப்புறம் நான் நிறுத்தினா, உங்களுக்குப் பயந்துன்னு ஊரெல்லாம் சொல்லிக்க மாட்டீங்க? அதான் முதல்ல உங்களுக்குப் பூசிட்டேன். இந்தச் சாயத் தலையோட இப்ப போய்ச் சொல்லுங்க பார்ப்போம்."