இல்லாத முந்நூறு பேர்

காலை பதினொன்று பத்துக்கு, இன்னும் திறக்கவே திறக்காத பதிவுப் பக்கத்தில் முந்நூறு இருக்கைகளும் நிரம்பிப்போயிருந்தன.

சஹாத் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். முந்நூறுக்கு முந்நூறு. பன்னிரண்டு மணிக்குத்தான் பதிவு தொடங்கும் என்று அதே பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“இபு, ஒரு சின்ன விஷயம்” என்றான்.

அவன் ‘இபு’, அதாவது அம்மா, என்று அழைக்கிற முதலாளி முர்னி நோன்பில் இருந்தார். நோன்பு மாதத்தில் அவரிடம் சின்ன விஷயம் என்று எதுவும் கிடையாது.

“எவ்வளவு சின்னது?”

“பஸ் ஃபுல்.”

“எந்த பஸ்?”

“ஆறு பஸ்ஸும்.”

முர்னி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ஜகார்த்தாவில் கைவண்டி தள்ளிப் பிழைக்கிறவர்களை லெபாரான் பெருநாளுக்கு வொனோகிரி ஊருக்கு இலவசமாக அனுப்பிவைப்பதாக ஒரு சோயாச் சாறு கம்பெனி அறிவித்திருந்தது. ஆறு பேருந்து, முந்நூறு இருக்கை. போன வருஷம் வேறு யாரோ செய்துகொடுத்த பக்கம், திறந்த இரண்டாவது நிமிஷமே கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. அதனால் இந்த வருஷம் வேலை முர்னியிடம் வந்திருந்தது. மாலை ஆறு மணிக்குக் கம்பெனி அம்மாள் போட்டோக்காரரோடு நேரிலேயே வந்து, முந்நூறு இருக்கையும் நிஜமான வியாபாரிகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

சஹாத்துக்கு இது வாழ்வா சாவா என்கிற நாள். ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. இன்றைய பதிவு ஒழுங்காகப் போனால் நிரந்தர வேலை, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று முர்னி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். முப்பத்தோரு வயதில் இது அவனுக்கு ஐந்தாவது ஒப்பந்தம்.

“பேரெல்லாம் யாரு?” என்றார் முர்னி.

“நம்ம ஆளுங்கதான்.”

“நம்ம ஆளுங்கன்னா?”

“இல்லாத ஆளுங்க.”

அவன் வேலையே அதுதான். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து முட்டினால் ஒரு பக்கம் நிற்குமா விழுமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதற்காக இல்லாத ஆட்களைச் செய்து அனுப்பி முட்டவைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது. இல்லாத ஆள் பெயரைத் தட்டுவான், பொத்தானை அழுத்துவான், இடம் கிடைக்காவிட்டால் கொஞ்சம் ஒதுங்கி நின்று மறுபடி வருவான். இதற்கும் ஊரில் சம்பளம் கொடுக்கிறார்கள்.

வழக்கமாக இதையெல்லாம் நகல் பக்கத்தில் செய்வார்கள். “நகல் வீடு நின்னா நிஜ வீடு நிக்குமா? நிஜத்துல ஒரு தடவை விட்டுப் பாரு” என்று காலை பத்து மணிக்குச் சொன்னது முர்னிதான். இப்போது அவருக்கு அது ஞாபகம் இல்லை.

“அழி” என்றார்.

சஹாத் அழித்தான். பூஜ்யம் என்று காட்டியது. இருவரும் மூச்சு விட்டார்கள். நான்கே நிமிஷத்தில் மறுபடியும் முந்நூறு.

“என்னப்பா இது?”

“கிடைக்கலேன்னா திரும்ப வாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன் இபு. எல்லாருக்கும் சீட் கிடைக்கிற வரைக்கும் நிக்க மாட்டாங்க.”

“நிறுத்து.”

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். ‘நிறுத்திக்கொண்டிருக்கிறோம்’ என்று ஒரு சின்ன வட்டம் சுழன்றது. அது பாட்டுக்குச் சுழன்றது. ஆட்கள் கிளம்பி வருவது சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஆறு இயந்திரங்களிலிருந்து. அவற்றுக்கு இங்கே அழுத்தியது கேட்டதாகத் தெரியவில்லை.

சஹாத் நாற்காலியில் சாய்ந்தான். வெளியே வெயிலில் தெரு செத்துக் கிடந்தது. பகலில் சாப்பாட்டுக் கடைகளெல்லாம் திரை போட்டுக்கொள்ளும் மாதம். ஊர் முழுக்கப் பாதித் தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். கண்ணை மூடினால் அந்த இல்லாத ஆட்கள் தெரிந்தார்கள். அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு பேருந்து நிலையத்தில், மங்கலான வெளிச்சத்தில் வரிசையாக நின்றார்கள். சன்னலோரம் கேட்ட சுகினோ. பேருந்து ஏறினாலே வாந்தி எடுக்கும் வக்கிடி. இரண்டு பெட்டைக்கோழிகளோடு தூகியெம். அவர்கள் யாரும் கோபப்படவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது சர்பான்.

சர்பான், கீழே தெருவில் பக்சோ வண்டி வைத்திருப்பவர். மாட்டிறைச்சி உருண்டைகளைச் சூப்பில் போட்டு விற்பார். நோன்பு திறக்கிற நேரம்வரை அவருக்கு வியாபாரம் இல்லை. இருபது நாளைக்கு முன்னால் சஹாத் அவரிடம் போய் நின்றான். அவன் சுமத்ராவிலிருந்து வந்த பத்தாக் இனத்தவன். இல்லாத ஆட்களுக்குத் தன் குலப் பெயர்களாக வைத்து ஒரு பட்டியல் போட்டதற்கு, ‘வொனோகிரி பஸ்ல உன் சித்தப்பன் பெரியப்பனெல்லாம் எதுக்கு?’ என்று முர்னி சிரித்திருந்தார்.

“பாக் சர்பான், உங்க ஊர்ப் பேரா கொஞ்சம் சொல்லுங்க. அந்த பஸ் பதிவுக்கு வேணும்” என்று, பெரியவர்களை அழைக்கிற ‘பாக்’ சேர்த்துக் கேட்டான்.

“எத்தனை பேரு, பாங்?” என்றார் சர்பான். ‘பாங்’ என்றால் அண்ணே.

“முந்நூறு. போன் நம்பரும் வேணும்.”

சர்பான் கரண்டியைக் கீழே வைத்தார். “முந்நூறா? யார் பேர் வேணா சொல்லலாமா?”

“யார் பேர் வேணாலும்.”

அன்று முதல் தினமும் மதியம் சர்பான் மாடிக்கு வந்து குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் அவர் கண் கலங்கியிருந்தது. குளிர்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று சஹாத் நினைத்தான். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தாலாட்டு மாதிரி பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார். எண்களை மட்டும் மடங்கிப்போன ஒரு நோட்டைப் பார்த்துப் படிப்பார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வருகிறார், பொறுப்பான ஆள் என்று சஹாத் வியந்தான்.

“சுகினோ. சன்னலோரம் குடுத்துடுங்க, பாங். பதினோரு வருஷமா நடுவுலயே உக்காந்து போறான்.”

“சுகினோ என்ன? குலப் பேரு?”

“சுகினோதான்.”

“பக்கத்துல ரெண்டு கட்டம் இருக்கே. முதல் பேரு, ரெண்டாம் பேரு.”

“ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாலே திரும்பிப் பாக்குறோம். ரெண்டாவது எதுக்கு?”

சஹாத் இரண்டு கட்டத்திலும் சுகினோ என்றே போட்டான். ‘சுகினோ சுகினோ.’ மற்றவர்களுக்கும் அப்படியே.

“அடுத்து தூகியெம். ரெண்டு கோழி கொண்டு வருவா. கடைசி வரிசையில போடுங்க. நாத்தம் முன்னாடி வரக் கூடாது.”

“உங்களுக்கு நல்ல கற்பனை, பாக்.”

“கற்பனையா? அவ கோழியை நீங்க மோந்து பாத்ததில்ல.”

சஹாத் விழுந்து விழுந்து சிரித்தான். இருபது நாளும் சூரியன் விழுந்ததும் ஒரு பெரிய கிண்ணம் பக்சோ மாடிக்கு வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றார் சர்பான். மூலிகைச் சாறு விற்கிற பெண் தெருவில் நிறுத்தி இலவசமாக ஒரு தம்ளர் கொடுத்தாள். முன்பின் தெரியாத பலகார வண்டிக்காரன் ஒருவன் சலாம் வைத்தான். தன் முகத்தில் ஏதோ களை வந்துவிட்டது என்று நினைத்து சஹாத் புதுச் சட்டை ஒன்று வாங்கினான்.

பதினொன்று ஐம்பதுக்கு முர்னி அவன் தோளில் தட்டினார். “தூங்குறியா?”

“இல்ல இபு, யோசிக்கிறேன்.”

யோசித்ததில் ஒரு வழி கிடைத்திருந்தது. முதல் பெயரும் இரண்டாம் பெயரும் ஒன்றாக இருக்கிற ஆளை உள்ளே விடாதே என்று பக்கத்துக்கு ஒரு கட்டளை எழுதினான். உலகத்தில் எந்த நிஜ மனிதனுக்கு ஒரே பெயர் இரண்டு தடவை இருக்கும்? குலமில்லாத மனிதன் உண்டா? பத்தாக் மூளைக்கு அது உதிக்கவே இல்லை. தடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு செய்தியும் எழுதினான்: ‘நீங்கள் நிஜ மனிதர் அல்ல. தயவுசெய்து விலகி நிற்கவும்.’

பழையபடி அழித்தான். பூஜ்யம். நான்கு நிமிஷம் போயிற்று. பூஜ்யமே நின்றது.

பன்னிரண்டுக்குப் பதிவு திறந்தது. ஆயிரக்கணக்கில் வந்து முட்டினார்கள். பக்கம் விழவில்லை. முர்னி முகத்தில் அந்த மாதம் முதல்முறையாக ஒரு சிரிப்பு தெரிந்தது. ஒரு மணிக்கு எத்தனை இருக்கை நிரம்பியது என்று பார்த்தார்கள்.

நான்கு.

“சியாஹான், சியாஹான், மனுருங், நசுத்தியோன்” என்று முர்னி படித்தார். “நாலு பேருமே உங்க ஊர்க்காரங்க.”

“நசுத்தியோன் எங்க ஊர் இல்ல இபு. பக்கத்து ஊரு.”

தொலைபேசி அடித்தது. கம்பெனி அம்மாள். அவர் பேசியது சஹாத்துக்கும் கேட்டது. “எங்க ஆபீஸ் வாசல்ல இருநூறு பேர் நிக்கிறாங்கம்மா. உங்க கம்ப்யூட்டர் அவங்களை மனுஷன் இல்லேன்னு சொல்லுச்சாம். ஒருத்தர் அடையாள அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்.”

முர்னி தொலைபேசியை மெதுவாக வைத்தார். “சஹாத், என் அப்பா பேர் என்ன தெரியுமா?”

“தெரியாது இபு.”

“பர்ஜோ. பாஸ்போர்ட்ல என்ன போட்டிருக்கும் தெரியுமா? பர்ஜோ பர்ஜோ. ஜாவாவுல வொனோகிரிப் பக்கம் சனம் பூரா இப்படித்தான். நீ எங்க அப்பாவை மனுஷன் இல்லேங்குற.”

கட்டளையை எடுத்தான். எடுத்ததுதான் தாமதம், இவ்வளவு நேரம் ஒதுங்கி நின்ற இல்லாத ஆட்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நிஜ மனிதர்கள் போனில் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்தது. பத்தாக்காரர்கள் நால்வரையும் முர்னி ரத்துசெய்த மறு நொடி அந்த நான்கும் போயிற்று. மறுபடி முந்நூறு. சன்னலோரத்தில் சுகினோ சுகினோ.

சஹாத் வெறி பிடித்து மேசைக்கு அடியில் புகுந்து கண்ணில் பட்ட கம்பியைப் பிடுங்கினான். அது ஃப்ரிட்ஜ் கம்பி. நோன்பு திறக்க முர்னி வைத்திருந்த பனிக்கட்டியும் இளநீரும் அதற்குள் இருந்தன. நாலரை மணிக்குத்தான் அது தெரிந்தது. முர்னி உருகிய பனிக்கட்டியைத் தானே எடுத்துக் கொட்டினார். திட்டியிருந்தால் தேவலாம்.

அதற்குள் சிங்கப்பூருக்குப் போன் போட்டிருந்தார்கள். ‘உங்களுக்கு முன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள்’ என்றது ஒரு பெண் குரல். அவர்களும் இல்லாத ஆட்களோ என்று சஹாத்துக்குச் சந்தேகம் வந்தது. தொலைபேசியில் மெல்லிய இசை ஓடிக்கொண்டே இருந்தது. அதில் கண் செருகியது. பேருந்து நிலையம் மறுபடி வந்தது. இந்தத் தடவை சுகினோ ஒரு அடி முன்னால் வந்து, “நாங்க என்ன தப்பு பண்ணோம், பாங்?” என்றான். இரண்டு தடவை அழித்தும் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்கள் நிஜத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்தே முக்காலுக்கு சிங்கப்பூரில் ஒரு மனிதர் எடுத்தார். ஆறு இயந்திரங்களையும் அணைத்தார். சுழன்றுகொண்டிருந்த வட்டம் நின்றது.

“இப்ப கடைசியா ஒரு தடவை அழி. இனி வர மாட்டாங்க. அழிச்சிட்டு நிஜ சனத்துக்குத் திறந்து விடுவோம்” என்றார் முர்னி.

“பதினஞ்சு நிமிஷத்துல முந்நூறு நிஜ ஆள் எப்படி இபு?”

“அது உன் கவலை. உன் ஒப்பந்தம்.”

அப்போது கீழே தெருவில் இரைச்சல் கேட்டது. முர்னி சன்னல் திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினார். தெரு கொள்ளாத கூட்டம்.

“வந்துட்டாங்க. மனுஷன் இல்லேன்னு சொன்னியே, அவங்கதான். கதவைப் பூட்டு. பின்படி திறந்திருக்கா?”

“இபு, கம்பெனி அம்மா வர நேரம்.”

“அவங்களும் பின்படியில வரட்டும். நீ அழி முதல்ல.”

சஹாத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். முந்நூறு பெயரும் வரிசையாக இருந்தன. ‘உறுதியா?’ என்று பக்கம் கேட்டது. அவன் விரல் விசைக்கு மேலே நின்றது. மன்னிச்சுக்குங்க சுகினோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

“பாங், நான்தான் சர்பான்.”

முர்னி சங்கிலியைக் கழற்றாமல் கதவை இரண்டு அங்குலம் திறந்தார். சர்பான் இஸ்திரி போட்ட பத்திக் சட்டையில் நின்றார். தலையில் எண்ணெய். படிக்கட்டு முழுக்க அவருக்குப் பின்னால் ஆட்கள்.

“பாக், கூட்டம் ரொம்பக் கோவமா இருக்கா?” என்றான் சஹாத்.

“கோவமா? எதுக்கு? ஆறு மணிக்குக் கம்பெனி அம்மா வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன்.”

“நான் யாரையும் வரச் சொல்லல பாக். சீட்டெல்லாம் இல்லாத ஆளுங்க பேர்ல மாட்டிக்கிச்சு. நீங்க இருபது நாளா கற்பனை பண்ணிச் சொன்னீங்களே, பக்கம் விழுதா நிக்குதான்னு பாக்க. அதைத்தான் இப்ப அழிக்கப் போறேன்.”

சர்பான் திரையைப் பார்த்தார். சஹாத்தின் விரலைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் படிக்கட்டு இருட்டில், யாருடைய கையிலோ இருந்த கூடைக்குள் ஒரு கோழி கொக்கரித்தது. அதற்குப் பதிலாக இன்னொன்றும் கொக்கரித்தது.

“அப்போ இருபது நாளா நீங்க எங்க பேரை எழுதினது பஸ்ஸுக்கு இல்லையா, பாங்?” என்றார் சர்பான்.