நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்ட லீவு

திருகோணமலை
24.07.2007

அன்பு மகள் இன்பமலருக்கு,

மாதாவின் புண்ணியத்தால் இங்கே எல்லோரும் சுகம். மட்டக்களப்பு ஆசுப்பத்திரியில் நீயும் உன்னோடு வேலை செய்யும் மற்ற நேர்சுமாரும் அப்படியே இருக்க மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. உன் கலியாணத்துக்கு எனக்கு லீவு கிடைத்துவிட்டது. கிடைத்த விதத்தைத்தான் நீ கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

அடுத்த மாதம் சீனிக் கப்பல் வருகிறது. கப்பல் வரும் மாதத்தில் எங்கள் கொம்பனியில் ஒருவருக்கும் லீவில்லை. மனேஜர் ஆனந்தராசா ஐயாவிடம் வாயால் கேட்கப் போனால், இனி எல்லாம் ஈமெயிலில்தான், கொழும்பு ஓடர் என்று திருப்பி அனுப்பிவிட்டார். களஞ்சியத்தில் மூன்று மாதமாக ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது, நான் அதற்குத் தூசு தட்டுவதோடு சரி. என்னோடு களஞ்சியத்தில் வேலை செய்யும் குறிஞ்சாக்கேணி அஸீம்தான் அதைத் திறந்து, எழுதும் இடத்தையும் பெயர் போடும் இடத்தையும் காட்டித் தந்துவிட்டுச் சாப்பிடப் போனான். என் எட்டாம் வகுப்பு இங்கிலீசை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி, மகளுக்குப் பதினாலாம் திகதி கலியாணம், தயவுசெய்து ஒரு கிழமை லீவு வேண்டும் என்று அடித்து முடித்தேன். பெயர் போடும் இடத்தைத் தொட்டால், கொம்பனி முழுக்க வரிசையாக வந்து நிற்கிறது, நானூற்றுப் பன்னிரண்டு பேர். கலியாணக் கதையை ஒருவருக்குச் சொல்லி மற்றவரை விட்டால் பிறகு முகம் பார்க்க ஏலுமா? பெரிய டிரெக்டரில் தொடங்கி ஒருவரையும் விடாமல் போட்டு அனுப்பினேன்.

அஸீம் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். "என்ன யோசேப்பண்ணன், எல்லாருக்கும் அனுப்பிப்போட்டீங்க?"

"பேர் விடுபட்டால் கோவிப்பாங்கள் தம்பி," என்றேன்.

ஒருவரும் கோபிக்கவில்லை, அதுதான் கரைச்சல். வாழ்த்துகள் வரத் தொடங்கின, அதையும் எனக்கு மட்டும் எழுதாமல் ஒவ்வொருவரும் எல்லோருக்குமே எழுதினார்கள். கொழும்புக் கந்தோரில் இருக்கும் சுபைதா, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்க, எனக்கு முந்தி அஸீம் பதில் போட்டான். கண்டிக் கிளையில் ஒருவர் தன் மகனுக்கும் பெண் தேடுவதாக எழுதினார், அந்தக் கதை தனியாக ஓடியது. பின்னேரத்துக்குள் கொம்பியூட்டர் மெசின்கள் எல்லாம் இறுகிப்போய், எந்த லொறிக்கு எத்தனை பருப்பு மூடை என்ற ஓடர் வந்து சேரவில்லை. லொறிகள் கேற்றிலிருந்து நேவி காவல் நிற்கும் சென்றிப் பொயின்ற் வரைக்கும் வரிசையாக நின்றன. என்ன பிரச்சினை என்று நேவிக்காரர் விசாரிக்க வந்தபோது, யோசேப்பின் மகளுக்குக் கலியாணம் என்று எங்கள் காவலாளி சொல்லியிருக்கிறான். அவர்களும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

கடைசியில் ஆனந்தராசா ஐயாவே களஞ்சியத்துக்கு நடந்து வந்தார். வேலை போச்சு என்று எழும்பி நின்றேன்.

"யோசேப், உமக்கு லீவு," என்றார். "லீவைக் குடுத்தெண்டாலும் இதை நிப்பாட்டச் சொல்லி டிரெக்டர் சொல்லிட்டார். இனி அந்த மெசினில கை வையாதையும்."

ஆக, பதினாலாம் திகதிக்கு லீவும் இருக்கிறது, வருவதாக எழுதிய இருநூறு பேரும் இருக்கிறார்கள். ஹபரணையால் சுற்றி வரும் பஸ்ஸில் வழி நெடுகச் செக்கிங் இருக்கும், அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திரு. மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பா.

இப்படிக்கு,
லீவு பெற்ற அப்பா யோசேப்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் அம்மா இதை வாங்கி வாசித்தாள். "கலியாணம் நாலாம் திகதியெல்லோ. மூண்டு ஞாயிறு பூசையில சுவாமியார் கலியாண அறிவித்தல் வாசிச்சது உங்கட காதில விழயில்லையோ?" என்கிறாள். ஆகவே மகள், நாலாம் திகதி எனக்குக் காய்ச்சல் வரும். பதினாலாம் திகதி லீவில் வீட்டில் நின்று, வருகிற ஆட்களைச் சமாளிப்பேன். கலியாணச் சாரியை மட்டும் அதுவரைக்கும் மடித்து வைத்துவிடாதே, நீயும் மாப்பிள்ளையும் அன்றைக்கு இன்னொரு தரம் வந்து நிற்க வேண்டியிருக்கும்.