எதற்கும் ஒரு லிட்டர்

வாசகரே, 'எதற்கும்காரர்' என்றொரு இனம் உண்டு. சைக்கிள் டயருக்குப் போதுமென்ற பிறகும் பம்பை நான்கு அழுத்து அழுத்துபவர், பத்து மணி ரயிலுக்கு ஏழு மணிக்கே போய் அதற்கு முந்தைய ரயிலை வழியனுப்பி வைப்பவர், ஒரு முடிச்சுக்கு அடங்குகிற மூட்டைக்கு ஐந்து முடிச்சுப் போட்டுவிட்டு அதை அவிழ்க்கக் கத்தரிக்கோல் தேடுபவர், எல்லாம் இவர்தான். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "எதுக்கும் இருக்கட்டுமே!" குறைந்தால்தானே கெடுதல், கூடினால் என்ன? அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று இவருக்கும் தெரியும். ஆனால் அது அமுதத்துக்குச் சொன்னது. டிராக்டர் எண்ணெய்க்கு யார் சொன்னார்கள்?

அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் தள்ளியவளுக்கு அன்று காலை ஒரே கவலை. முப்பது வைக்கோல் கட்டுகள் வெட்டவெளியில் கிடந்தன. அடுத்த அறுவடை வரை மாடுகளுக்கு அதுதான் சாப்பாடு. தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தாலும் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு கட்டை நகர்த்தவே நாலு ஆள் வேண்டும். முன்னால் வாளி மாட்டிய பழைய டிராக்டரை விட்டால் கதியில்லை.

டிராக்டருக்கு அவளைவிட மூன்று வயது கூட. முந்தின நாள் வாளி முக்கி முனகித்தான் மேலே ஏறியது. "ஹைட்ராலிக் ஆயில் குறைஞ்சிருக்கும்" என்றார் கணவர். அதுவரை சரி. சீட்டுக்குப் பின்னாலிருக்கும் மூடியைத் திருகி, அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. ஆனால் வாளியோ ஆள் உயரத்துக்கு மேல் தூக்கியபடி நின்றது. நிறுத்தி வைக்கும்போது அதன் நிழல் சீட்டில் விழுமாம்.

"ஏங்க, வாளியத் தரையில இறக்கிட்டுல்ல அளவு பாக்கணும்? மூடி பக்கத்துலயே எழுதி ஒட்டியிருக்கே."

"அது வண்டி புதுசா இருந்தப்ப ஒட்டினது."

"வண்டி பழசானா எண்ணெய்க்குப் புத்தி மாறிடுமா? வாளியத் தூக்கிப் பிடிச்சிருக்கிற எண்ணெயெல்லாம் இப்ப மேல இருக்கு. கீழ குறைவாத்தான் காட்டும்."

"நீ ஒரு மெக்கானிக்கக் கட்டியிருக்க வேண்டியவ."

"கட்டியிருந்தா நான் இந்த வேலையெல்லாம் கத்திருக்கவே மாட்டேனே!"

குச்சி வந்தது. எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் ஒரு விரல் கீழே. பார்த்தாயா என்று ஒரு பார்வை. ஊற்றினார், துடைத்தார், குச்சியை விட்டார், உருவினார், கண்ணருகே கொண்டுபோய் நகை எடை பார்க்கிறவர் மாதிரி ஒற்றைக் கண்ணால் பார்த்தார், மறுபடி ஊற்றினார். நான்கு லிட்டரில் மேல்கோடு தொட்டது. கேனில் ஒரு லிட்டர் மீதி.

"இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது? எதுக்கும் இருக்கட்டும்."

அதுவும் உள்ளே போனது. மூடியைத் திருகினார். அதை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்றுத் திருகவில்லை.

ஏறி உட்கார்ந்தார், லிவரைத் தள்ளினார், வாளி இறங்கியது. வாளியைத் தாங்கிக்கொண்டிருந்த எண்ணெய் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது. வந்து பார்த்தால் அங்கே ஐந்து லிட்டர் விருந்தாளி கால் நீட்டிப் படுத்திருக்கிறது! மூடி தெறித்தது. மனிதரின் முதுகு முழுக்க அபிஷேகம்.

அவள் சிரிக்கவில்லை. மழைக்கு முந்திக் கிடைக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு கட்டு. குழந்தை குளிக்கிற டப்பை எடுத்து வந்து அடியில் வைத்து, வடிகுழாயைத் திறந்து, மேல்கோட்டுக்கு வரும்வரை வடித்தாள். சிந்தினதையும் வடித்ததையும் கூட்டிப் பார்த்தால் நாலரை லிட்டர்; உண்மையில் குறைந்திருந்தது அரை லிட்டர். "இப்ப எடுங்க" என்றாள். வாளி இளவட்டம் மாதிரி எழுந்தது.

பதினெட்டுக் கட்டு கொட்டகைக்குள் போனபோது முதல் துளி விழுந்தது. மீதிப் பன்னிரண்டின் மேல் இருவரும் தார்ப்பாயை இழுத்து விரித்தார்கள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. மூலைக்கு ஒரு கல் வைத்தாள். நடுவில் ஒன்று. இடையில் ஒன்று. அப்புறம் அந்த இடைக்கும் இடையில் ஒன்று. இருபத்திரண்டாவது கல்லோடு அவள் குனிந்தபோது, எண்ணெய் வழிய நின்றவர் கேட்டார்:

"எதுக்குடி இத்தனை கல்லு?"

"எதுக்கும் இரு..." என்று தொடங்கியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் போய் இன்னும் இரண்டு கல் கொண்டுவந்தார். விடிந்து பார்த்தால் ஒரு கட்டுகூட நனையவில்லை. இனி அவரைத் திருத்த எந்த ஜென்மத்தில் முடியும்?

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நல்லது. பூட்டிய பூட்டை நேற்று மூன்று தரம் இழுத்துப் பார்த்தது யார்? அலாரத்தை ஐந்து நிமிட இடைவெளியில் நான்காக வைத்தது யார்? நான் கேட்கவில்லை. எதற்கும் உங்கள் சட்டையின் முதுகுப் பக்கத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.